உச்ச நீதிமன்ற நியமனம்: கோப்பைக் கிடப்பில் போட்டால் யார் கேட்பது?

வைகைக்கரை வக்கீல் (இழையைத் தொடங்கியவர்)

மூத்த நீதிபதிகளே புதிய நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் நல்லதா, அரசும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் நியமன ஆணையம் நல்லதா என்று இங்கே பலமுறை மல்லுக்கட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் பெயரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. தேர்ந்தெடுத்த பெயர் சட்ட அமைச்சகத்துக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. நியமன அரசியலின் கனமான பகுதி இன்றைக்கு அங்கேதான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கே.எம். ஜோசப் விவகாரத்தைத் தேதி தேதியாகப் பாருங்கள். உத்தராகண்ட் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2016ல் அங்கே கொண்டுவந்த குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தவர் அவர். 2018 ஜனவரி 10 அன்று கொலீஜியம் இரண்டு பெயர்களை அனுப்பியது. ஒன்று ஜோசப், இன்னொன்று மூத்த வழக்கறிஞர் இந்து மல்ஹோத்ரா. மூன்று மாதத்துக்கு மேல் பதிலே இல்லை. ஏப்ரல் கடைசியில் மல்ஹோத்ராவுக்கு மட்டும் நியமன ஆணை வந்தது, ஜோசப் பெயர் திரும்பி வந்தது. பணிமூப்பில் கீழே இருக்கிறார், கேரளத்துக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். ஜூலையில் கொலீஜியம் அதே பெயரை மறுபடி வலியுறுத்தியது. கூடவே நம் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த இந்திரா பானர்ஜி, ஒடிசா தலைமை நீதிபதி வினீத் சரண் ஆகியோரின் பெயர்களையும் புதிதாக அனுப்பியது.

ஆகஸ்ட் 7 அன்று மூவரும் ஒரே நாளில் பதவியேற்றார்கள். முதலில் பானர்ஜி, அடுத்து சரண், மூன்றாவதாக ஜோசப். ஜனவரியில் போன பெயர் ஜூலையில் போன பெயர்களுக்குப் பின்னால் நின்றது.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் மூப்பு பதவியேற்கும் வரிசையைப் பொறுத்தது. மூப்பில் முதலில் இருப்பவர் தலைமை நீதிபதி ஆவது வழக்கம். மூப்பில் முதல் ஐந்து பேர்தான் கொலீஜியம். எல்லோருக்கும் 65 வயதில் ஓய்வு. ஆக, ஒரு கோப்பை ஆறு மாதம் பிடித்து வைத்தால் அடுத்த பத்து வருடத்தில் யார் தலைமை நீதிபதி, யார் கொலீஜியத்தில் உட்காருவார் என்ற கணக்கையே மாற்றிவிடலாம். இதற்கு ஒரு வரி உத்தரவுகூடத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும்.

அடுத்தவர்கள் சொல்லுங்கள்.

---

காந்திபுரத்தார்

வக்கீல் தம்பி, வணக்கமுங்க. தலைமைச் செயலகத்தில் கோப்போடேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். தாமதத்தை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் நோய் எங்கே தொடங்கியது என்று பார்க்காமல் காய்ச்சலை மட்டும் அளக்கக்கூடாது.

அரசியலமைப்புச் சட்டம் 124வது பிரிவு என்ன சொல்கிறது? குடியரசுத் தலைவர் நியமிப்பார், தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிப்பார். அவ்வளவுதான். தலைமை நீதிபதியின் இசைவு கட்டாயம் என்று ஒரு திருத்தத்தை அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தவரே அன்றைய சென்னை மாகாணத்து உறுப்பினர் போக்கர் சாகிபுதான். 1949 மே 24 அன்று அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. தலைமை நீதிபதி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் விருப்பு வெறுப்புள்ள மனிதர்தான், குடியரசுத் தலைவருக்கே தராத ரத்து அதிகாரத்தை அவருக்குத் தர முடியாது என்றார்.

அவர் வேண்டாம் என்று சொன்னதை 1993 அக்டோபர் 6 தீர்ப்பில் நீதிபதிகள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது பேர் அமர்வில் ஏழுக்கு இரண்டு. அகமதியும் புஞ்சியும் மறுத்தார்கள். கலந்தாலோசனை என்பது கிட்டத்தட்ட இசைவாகவே ஆகிவிட்டது. வழக்கறிஞர்கள் தரப்பில் வாதாடி ஜெயித்த ஃபாலி நாரிமனே, அந்த வழக்கில் தோற்றிருக்கலாம் என்று பின்னாளில் வருந்தியவர்.

2014ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைக் கொண்டுவந்தன. பாதிக்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புதல் தந்தன. 2015 அக்டோபர் 16 அன்று நாலுக்கு ஒன்று என்று அதையும் அடித்துவிட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு முன்வாசல் அடைபட்டால் அது கொல்லைப்புறமாகத்தான் வரும். தாமதம் என்கிற கொல்லைப்புறத்தைத் திறந்து விட்டது யார் என்று யோசியுங்கள்.

---

வைகைக்கரை வக்கீல்

//தாமதம் என்கிற கொல்லைப்புறத்தைத் திறந்து விட்டது யார்//

ஐயா, முன்வாசல் முழுக்கத் திறந்திருந்த காலமும் ஒன்று இருந்ததே. அப்போது என்ன நடந்தது?

1973 ஏப்ரல் 24 அன்று, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு. பதின்மூன்று பேர் அமர்வு, ஏழுக்கு ஆறு. மறுநாளே அறிவிப்பு: அடுத்த தலைமை நீதிபதி ஏ.என். ராய். அவருக்கு மூத்த ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரும் தாண்டப்பட்டார்கள். மூவருமே அந்தத் தீர்ப்பில் அரசுக்கு எதிரான பக்கம் நின்றவர்கள். ராய் அரசுப் பக்கம். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

இதை மக்களவையில் எழுந்து நின்று நியாயப்படுத்தியவர் நம் ஊர்க்காரர், சேலம் குமாரமங்கலம் குடும்பத்து மோகன் குமாரமங்கலம். அப்போது புதுச்சேரித் தொகுதி எம்.பி., உருக்கு சுரங்கத் துறை அமைச்சர். சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த சட்ட மேதை. நீதிபதியின் சமூகப் பார்வை என்ன என்று பார்த்து நியமிக்க அரசுக்கு உரிமை உண்டு என்று ஒளிவுமறைவில்லாமல் வாதிட்டார். அந்த வாதத்தோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் அவையில் நின்று காரணம் சொன்னார், எதிர்க்கட்சிகள் பதில் சொன்னார்கள், அது அவைக் குறிப்பில் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பெயர் ஏன் நகரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை.

1977 ஜனவரியில் எச்.ஆர். கன்னாவைத் தாண்டி பெய்க் வந்தார். நெருக்கடி நிலையில் ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்ற ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், ஐந்து பேரில் தனியாக நின்று முடியும் என்று எழுதியவர் கன்னா. அதற்கு அவர் கொடுத்த விலை தலைமை நீதிபதி பதவி. 1993 தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்த இரண்டு சம்பவங்களிலிருந்தும், 1976ல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் பதினாறு பேரைத் தூக்கி ஊர் ஊராக மாற்றியதிலிருந்தும்தான் வந்தது.

---

புதுவரவு

நான் சட்டம் படிக்கிற பையன், தப்பா இருந்தா மன்னிக்கணும். கொலீஜியம் ரெண்டாவது தடவை அதே பெயரை அனுப்பினா அரசு நியமிச்சே ஆகணும்னு கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்களே? அப்புறம் எப்படி நிறுத்தி வைக்க முடியுது?

---

வைகைக்கரை வக்கீல்

தம்பி, உங்க ஆசிரியர் சொன்னது சரிதான். 1993, 1998 தீர்ப்புகளின்படி மறுபடி வலியுறுத்தினால் அரசுக்குக் கட்டாயம். எத்தனை நாளுக்குள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு இடைவெளியில்தான் மொத்த விளையாட்டும்.

2021 ஏப்ரல் 20 அன்று, பி.எல்.ஆர். புராஜக்ட்ஸ் வழக்கில், உயர் நீதிமன்ற நியமனங்களுக்கு உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. உளவுத்துறை அறிக்கைக்கு 4 முதல் 6 வாரம். அமைச்சகம் தன் கருத்தோடு உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப 8 முதல் 12 வாரம். கொலீஜியம் மறுபடி வலியுறுத்தினால் 3 முதல் 4 வாரத்துக்குள் நியமனம். எழுதியாயிற்று. நடந்ததா?

நம் ஹைகோர்ட்டையே பாருங்கள். வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயர். பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார், 2017ல் நீட் விவகாரத்தில் ஒரு மாணவி தற்கொலை செய்துகொண்டதைப் பற்றி ஒரு பதிவு போட்டார் என்று உளவுத்துறை எழுதியது. அவருடைய நேர்மையைப் பற்றி அதே அறிக்கையில் குறை எதுவும் இல்லை. 2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் அவர் பெயரை மறுபடி வலியுறுத்தியது. அன்றைக்குத் தனியாகப் பரிந்துரைக்கும் பெயர்களுக்கு முன்பாக இவரை நியமிக்க வேண்டும் என்றும் தீர்மானத்தில் எழுதியது. பிப்ரவரி 7 அன்று மற்றவர்கள் பதவியேற்றார்கள். இவர் பெயர் வரவில்லை. மார்ச் 21 அன்று, இப்படி மூப்பு பறிபோவது கவலைக்குரியது என்று கொலீஜியம் இன்னொரு தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் பெயர் நகரவில்லை.

பெங்களூரு வழக்கறிஞர் சங்கம் இந்தத் தாமதங்களை எதிர்த்து அவமதிப்பு மனு போட்டது. விசாரித்தவர் எஸ்.கே. கவுல், முன்பு சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்தவர். விடாமல் கேள்வி கேட்டார், சில பெயர்கள் நகர்ந்தன. 2023 டிசம்பர் 5 அன்று விசாரணைக்கு வர வேண்டிய அந்த வழக்கு அன்றைய பட்டியலில் இல்லை. தான் நீக்கச் சொல்லவில்லை என்றார் கவுல். சில விஷயங்களைச் சொல்லாமல் விடுவது நல்லது என்றும் சொன்னார். அந்த மாதமே ஓய்வு பெற்றார்.

கெடு வைத்த நீதிமன்றத்தால் தன் கெடுவைக் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு இதுதான் ஆறவே ஆறாத விஷயம்.

---

தாமிரபரணி

வக்கீல் அண்ணே, நீங்க சொல்ற அத்தனையும் சரி. ஆனா கதையில கொலீஜியம் பாவப்பட்ட தரப்பாவும் அரசு வில்லனாவும் நிக்குது. நானும் கருப்பு கோட்டு போடுறவதான். எனக்கு இந்தப் படம் பாதிதான் தெரியுது.

உச்ச நீதிமன்றம் தொடங்கினது 1950. முதல் தலித் நீதிபதி எப்போ வந்தார்? 1980ல. அவரும் நம்ம ஹைகோர்ட்டில இருந்து போன ஏ. வரதராஜன். முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி, 1989. அதுல இருந்து 2021 வரைக்கும் மொத்தமே பதினோரு பெண்கள். அதுல மூணு பேர் ஒரே நாள்ல, 2021 ஆகஸ்ட் 31ல வந்தவங்க. 2018க்குப் பிறகு உயர் நீதிமன்றங்களுக்கு நியமிச்சவங்கள்ல நாலுல மூணு பங்கு பொதுப்பிரிவுன்னு சட்ட அமைச்சகமே நாடாளுமன்றத்தில சொல்லியிருக்கு. அத்தனை பெயரையும் தொடங்கி வைக்கிறது நீதிபதிகள்தான், அமைச்சர் இல்ல.

காந்திபுரத்தார் ஐயா 1993 தீர்ப்பைத் திட்டினார். அதே தீர்ப்புல நம்ம நெல்லைச் சீமைக்காரர் ரத்னவேல் பாண்டியன் தனியா எழுதின பகுதியை நீங்க ரெண்டு பேருமே சொல்லல. நீதித்துறைக்கு முதன்மை வேணும்னு அவரும் பெரும்பான்மையோடதான் நின்னார். ஆனா நீதித்துறையில எல்லாத் தரப்புக்கும் இடம் இருக்கணும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் விட்டுப்போகக் கூடாதுன்னு அழுத்தி எழுதினவர் அவர். அந்தத் தீர்ப்புல இருந்து அதிகாரத்தை எடுத்துக்கிட்டாங்க. இந்தப் பகுதியை அப்படியே விட்டுட்டாங்க.

குடும்பத்தையும் பாருங்க. ஒய்.வி. சந்திரசூட் மகன் டி.ஒய். சந்திரசூட், ரெண்டு பேருமே தலைமை நீதிபதி. நீங்க தொடங்கின ஜோசப்பும் உச்ச நீதிமன்ற நீதிபதி கே.கே. மாத்யூவோட மகன். இப்ப உச்ச நீதிமன்றத்தில இருக்கிற நீதிபதி நாகரத்னா, முன்னாள் தலைமை நீதிபதி வெங்கடராமையாவோட மகள். இவங்க திறமையில எனக்குச் சந்தேகம் இல்ல. மூணு தலைமுறையா கோர்ட் வாசலே தெரியாத வீட்டில இருந்து வர்ற பொண்ணோட திறமையை யார் கண்ணு தேடிப் போகும்ங்கிறதுதான் என் கேள்வி.

மூடின அறை பத்தியும் சொல்லணும். 2018 டிசம்பர் 12ல கொலீஜியம் கூடி ரெண்டு பெயர் முடிவு பண்ணினதா சொல்றாங்க. மாசக் கடைசியில, அந்தக் கொலீஜியத்தில இருந்த நீதிபதி லோகுர் ஓய்வு பெற்றார். ஜனவரி 10ல வேற ரெண்டு பெயர் போச்சு. பழைய முடிவை வெளியிடாதது ஏமாற்றம் தந்துச்சுன்னு லோகுரே சொன்னார். ஆர்.டி.ஐ.யில கேட்டதுக்கு, அது இறுதி முடிவு இல்ல, தர முடியாதுன்னு 2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே தள்ளுபடி பண்ணிருச்சு. 2025 ஆகஸ்டில விபுல் பஞ்சோலி பெயருக்கு நாகரத்னா எதிர்ப்பு எழுதினாங்கன்னு எல்லாப் பத்திரிகையிலும் வந்துச்சு. கொலீஜியம் வெளியிட்ட குறிப்பில அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

அரசு பேசாம இருக்கிறது தப்புன்னா, இதுவும் அதே தப்புதான்.

---

காந்திபுரத்தார்

தாமிரபரணி அம்மணி சொன்னதை அப்படியே ஏற்கிறேனுங்க. ரத்னவேல் பாண்டியன் எழுதியதை எடுத்துச் சொன்னதற்குத் தனியாக நன்றி.

ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. 2024ல் நீதியரசர் மகாதேவனைப் பரிந்துரைத்தபோது, அவர் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர், அவர் வருவது பன்மைத்தன்மைக்கு உதவும் என்று கொலீஜியமே தீர்மானத்தில் எழுதியது. காரணத்தை எழுதினால் அதை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். எழுதாததை வைத்து என்ன செய்ய?

---

நல்லூர் வாணி

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன். ஆணையம் வந்தால் எல்லாம் சரியாகும் எண்டு நினைக்கிற ஆக்களுக்காக எங்கட நாட்டுக் கதையைச் சொல்லுறன்.

2010இல எங்கட அரசியலமைப்புக்கு 18ஆம் திருத்தம் வந்தாப் பிறகு உயர் நீதிமன்றத்துக்கு (உங்கட உச்ச நீதிமன்றம்) ஆரைப் போடுறது எண்டது முழுக்க சனாதிபதியின்ர கையில. 2013 ஜனவரியில பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவைக் குற்றப்பிரேரணை கொண்டுவந்து நீக்கிப்போட்டு, முன்னாள் சட்டமா அதிபர் (உங்கட அட்டர்னி ஜெனரல்) மொகான் பீரிசை இருத்தினவை. 2015இல ஆட்சி மாறின உடனே அந்த நியமனமே செல்லாது எண்டு சொல்லி சிராணியைத் திரும்ப இருத்தி, அவ ஓய்வு பெற, எங்கட க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரா வந்தவர். நியமனத்துக்கு ஒழுங்கான முறை இல்லாட்டி அந்தக் கதிரை ஆட்சியோட சேர்ந்து ஆடும் எண்டதை நாங்கள் கண்ணால கண்டனாங்கள்.

2015இல 19ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், அதோட நாடாளுமன்றத்துக்கு வெளியில இருந்து மூண்டு பேர் எண்டு பத்துப் பேர். சனாதிபதி அனுப்புற பெயரைப் பேரவை ஏற்றால்தான் நியமனம். 2018 டிசம்பர் 13ஆம் திகதி, சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைச்சது பிழை எண்டு ஏழு நீதியரசர்கள் ஒருமனதாத் தீர்ப்புச் சொன்னவை. அந்தத் தைரியத்துக்குப் பேரவையும் ஒரு காரணம் எண்டு நான் நம்புறன். ஆனால் 2020இல 20ஆம் திருத்தத்தால பேரவையின்ர பல்லைப் பிடுங்கிப் போட்டினம். 2022இல 21ஆம் திருத்தத்தோடதான் திரும்ப வந்தது.

ஆணையத்தை உண்டாக்கிறதை விட, மூண்டில ரெண்டு பலம் உள்ள அடுத்த அரசாங்கம் அதைக் கலைக்காமப் பாக்கிறதுதான் கஷ்டம்.

---

வைகைக்கரை வக்கீல்

வாணி அக்கா, இந்த விவரங்களை இவ்வளவு தெளிவாக யாரும் இங்கே எழுதியதில்லை. வெளியிலிருந்து வரும் மூன்று பேரை யார் நியமிப்பது?

---

நல்லூர் வாணி

19இல பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து முன்மொழிய வேணும். ஒருத்தர் தனியத் தன்ர ஆளைத் திணிக்க ஏலாது. அதுதான் அதின்ர பலம். பேரவை ஏன் ஒரு பெயரை மறுத்தது எண்டு வெளியில சொல்லுறேல்லை எண்ட குறை எங்கட பக்கத்திலயும் இருந்தது. அறிஞ்சு வைச்சிருங்கோ.

---

காந்திபுரத்தார்

நம் ஆணையத்தில் இருந்த ஓட்டை இந்த இடத்தில்தான். ஆறு பேர்: தலைமை நீதிபதி, அடுத்த மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், இரண்டு "பிரபலமானவர்கள்". அந்த இருவருக்குச் சட்டப் பயிற்சி வேண்டும் என்றோ, என்ன தகுதி வேண்டும் என்றோ ஒரு வரி கிடையாது. ஆறில் எந்த இருவர் மறுத்தாலும் பெயர் விழுந்துவிடும். அமைச்சரும் ஒரு பிரபலமும் கைகோத்தால் மூன்று நீதிபதிகள் சேர்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தால் நான் ஆதரிப்பேன். 2015ல் அந்த ஆணையத்தை அடித்த அமர்வில் நீதிபதி செலமேஸ்வர் தனியாக நின்று எழுதிய மறுப்புத் தீர்ப்பில், கொலீஜியத்தின் ஒளிவுமறைவைப் பற்றிச் சொன்னது எதுவும் இன்றைக்கும் பழையதாகவில்லை.

---

வைகைக்கரை வக்கீல்

ஐயா, ஆணையமோ கொலீஜியமோ, எது இருந்தாலும் கெடு இல்லாவிட்டால் கடைசி வார்த்தை கோப்பை வைத்திருப்பவருடையது. அந்தக் கெடுவை, நியமனம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் நடைமுறைக் குறிப்பாணையில் எழுதலாம். 2015 டிசம்பரிலேயே குறிப்பாணையைத் திருத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் அரசிடம் சொன்னது. தேசப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காகப் பெயரை மறுக்கும் அதிகாரம் வேண்டும் என்று அரசு கேட்டது, கொலீஜியம் ஒத்துக்கொள்ளவில்லை. 2017 மார்ச்சில் கொலீஜியம் தன் இறுதி வடிவத்தை அனுப்பியது. இன்னும் மேம்படுத்த வேண்டும் என்று அரசு ஜூலையில் பதில் எழுதியது. அதோடு நின்றது. தாமதத்தைத் தடுக்கும் விதியே தாமதத்தில் மாட்டிக்கொண்டது.

வேகமாகச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் ஒரு பதில் வைத்திருக்கிறேன். பொள்ளாச்சிக்காரர், கோவை சட்டக் கல்லூரியில் படித்த கே.வி. விஸ்வநாதன். 2023 மே 16 அன்று பரிந்துரை. 18ந் தேதி நியமன ஆணை. 19ந் தேதி பதவியேற்பு. 2030 ஆகஸ்டில் இவர் தலைமை நீதிபதி ஆகும் வரிசையில் இருப்பார் என்று பரிந்துரைத் தீர்மானத்திலேயே எழுதியிருந்தது. தகுதியான மனிதர், எனக்குப் பெருமைதான். மூன்று நாளில் ஒரு கோப்பு நகர முடியும் என்றால், மூன்று வருடம் நகராமல் இருக்கும் கோப்பை யாரோ வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

2014ல் மூத்த வழக்கறிஞர் கோபால் சுப்பிரமணியம் பெயர் அப்படித்தான் போனது. நாலு பெயர் போனதில் மூன்று மட்டும் வந்தது. தலைமை நீதிபதி லோதாவுக்கே தெரியாமல் பிரித்தார்கள். அவர் எழுத்தில் கண்டித்தார். கோபால் சுப்பிரமணியம் அதற்குள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். இனி இப்படிப் பிரிக்கக் கூடாது என்று லோதா எழுதிய நாலாவது வருடம் ஜோசப்பைப் பிரித்தார்கள்.

---

புதுவரவு

ஜோசப் கடைசியில கொலீஜியத்துக்குப் போனாரா?

---

வைகைக்கரை வக்கீல்

போனார் தம்பி. பானர்ஜியும் சரணும் 2022ல் ஓய்வு பெற்றார்கள். சந்திரசூட் காலத்தில், 2023 ஜூனில் ஓய்வு பெறும் வரை இவர் கொலீஜியத்தில் இருந்தார். ஜான் சத்யனுக்காக மார்ச்சில் தீர்மானம் போட்டதும் அந்தக் காலத்தில்தான்.

---

தாமிரபரணி

அண்ணே, ஒரு வேலை செய்வோமா? கொலீஜியம் தீர்மானங்கள் 2017 அக்டோபர்ல இருந்து கோர்ட் இணையதளத்தில இருக்கு. நியமன ஆணைகள் சட்ட அமைச்சகத் தளத்தில இருக்கு. ரெண்டு தேதியையும் பக்கத்தில பக்கத்தில போட்டு ஒரு அட்டவணை போடலாம். சென்னை ஹைகோர்ட், உச்ச நீதிமன்றம் ரெண்டும் போதும். நம்ம எம்.பி.க்கள்கிட்ட கொடுத்து, பெயர் பெயரா நாடாளுமன்றத்தில கேள்வி கேட்கச் சொல்லலாம்.

---

வைகைக்கரை வக்கீல்

செய்வோம். உச்ச நீதிமன்றம் என் பொறுப்பு. சென்னையை நீங்கள் எடுங்கள். புதுவரவு தம்பிக்கு நேரம் இருந்தால் மறுபடி வலியுறுத்திய பெயர்களை மட்டும் தனியாகப் பிரித்துத் தரட்டும்.

---

புதுவரவு

இன்னைக்கு ராத்திரியே தொடங்குறேன் அண்ணா. 2021 கெடுவுக்கு முன்னாடி, பின்னாடின்னு ரெண்டா பிரிச்சுப் போடுறேன்.

---

காந்திபுரத்தார்

கேள்வி வாசகத்தை நான் எழுதித் தருகிறேனுங்க. பொதுவாகக் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கோப்பு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, எந்தத் தேதியில் போனது என்று கேட்க வேண்டும்.